ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் தமிழ் நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் இங்கிலாந்து தவறாமல் இடம்பிடிக்கிறது. தேம்ஸ் நதி, அரண்மனை வாசல், பிறகு ‘மர்மக் கற்கள்’ என்று ஸ்டோன்ஹெஞ்ச். படம் பெரிதாக இருக்கும். அங்கே எப்படிப் போவது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எது கூடாது என்பதைத் தேடினால் ஒரு வரியும் இருக்காது. அந்த நாட்டின் வயல்வெளிகளில் நூற்றுக்கணக்கான கல்வட்டங்களும் புதைமேடுகளும் மண்கோட்டைகளும் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்க்க நினைக்கும் வாசகர்களுக்காகச் சில விவரங்களை எழுதுகிறேன்.

முதலில் ஸ்டோன்ஹெஞ்சையே எடுத்துக்கொள்வோம். மர்மம் என்ற சொல்லை இனிக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடலாம். சுற்றியுள்ள வட்ட அகழி கி.மு. 3000 வாக்கில் வெட்டப்பட்டது. பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டன. சராசரியாக 25 டன் எடையுள்ள, சார்சன் எனும் கடின மணற்கற்களில் பெரும்பாலானவை, வடக்கே 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டுப் பகுதியைச் சேர்ந்தவை என்று 2020இல் வேதியியல் ஆய்வு காட்டியது. சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் பிரசெலி மலைகளிலிருந்து வந்தவை. நடுவில் விழுந்து கிடக்கும் 6 டன் ‘பலிபீடக் கல்’ ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்பது 2024இல்தான் தெரிந்தது. கற்களைச் செதுக்கிப் பொருத்தியவர்கள் ஊர் ஊராக இழுத்தும் வந்திருக்கிறார்கள். வேற்றுக்கிரகத்தாரை அழைக்க வேண்டிய தேவை எங்கும் இல்லை. பண்டைய பிரிட்டனின் துருயிட் பூசாரிகளும் இதைக் கட்டியவர்கள் அல்லர். அவர்களைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்புகளுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்கள் நின்றுவிட்டன.

நுழைவுச்சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். இணையத்தில் முன்கூட்டியே வாங்குவதே நல்லது. பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கின்றன. சிற்றுந்து விடுகிறார்கள், நடந்தும் போகலாம். போகும்போது நடந்து, திரும்பும்போது வண்டி ஏறினால் புல்வெளியின் பரப்பும் சுற்றியுள்ள புதைமேடுகளின் வரிசையும் பிடிபடும். வட்டத்துக்குள் நுழைய முடியாது. கயிறு கட்டிய பாதையில் சுற்றி வர வேண்டும். உள்ளே நிற்க ஆசைப்பட்டால், பொது நேரத்துக்கு வெளியே காலையிலோ மாலையிலோ சிறு குழுக்களை அனுமதிக்கும் தனிச்சீட்டு உண்டு. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பிடம் வெகு முன்னதாகவே அதைப் பதிவு செய்ய வேண்டும். அப்போதும் கல்லைத் தொடக் கூடாது.

ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் ஜூன் மாதக் கதிர்த்திருப்ப நாளில் வட்டத்துக்குள் இலவசமாக விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும், வண்டி நிறுத்தத் தனிக் கட்டணம். அமைதியை எதிர்பார்த்து அன்று போகாதீர்கள். மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் கதிர்த்திருப்ப நாளிலும் விடியற்காலையில்தான் கூட்டம் கூடுகிறது. ஆனால் கட்டடத்தின் அச்சு ஒரு புறம் கோடைச் சூரியோதயத்தையும், மறு புறம் குளிர்காலச் சூரிய அஸ்தமனத்தையும் நோக்கியது. அதைக் கட்டியவர்களுக்கு டிசம்பரில் முக்கியமாக இருந்தது அந்தி நேரமாக இருக்கலாம்.

கையில் காசு குறைவா? அருகிலுள்ள தொல்சின்னங்களான டரிங்டன் வால்ஸ், வுட்ஹெஞ்ச் பக்கமிருந்து, நேஷனல் டிரஸ்ட் எனும் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் நிலத்தின் வழியே நடந்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் கற்கள் கண்ணில் படும். கற்களுக்கு அருகே செல்லும் பொதுப் பாதையிலிருந்து வேலிக்கு வெளியே நின்று பார்க்கச் சீட்டுத் தேவையில்லை. ஏ303 நெடுஞ்சாலையில் வண்டியை மெதுவாக்கிப் படம் எடுக்க மட்டும் முயலாதீர்கள். அந்தச் சாலையின் தீராத நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம்.

லண்டனிலிருந்து ஒரே நாளில் விண்ட்சர், பாத், ஸ்டோன்ஹெஞ்ச் மூன்றையும் காட்டும் சுற்றுலாப் பேருந்துகள் கற்களுக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. இரயிலில் சாலிஸ்பரி வரை வந்து, அங்கிருந்து கற்களுக்குப் போகும் பேருந்தைப் பிடித்தால் உங்கள் நேரம் உங்கள் கையில் இருக்கும். திரும்பும் வழியில் சாலிஸ்பரி அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். 2002இல் அருகிலுள்ள ஏம்ஸ்பரியில் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 2300ஐ ஒட்டிய ‘வில்லாளி’யின் எலும்புக்கூடும் அவனுடன் புதைத்த பொருட்களும் அங்கே இருக்கின்றன.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், என் தேர்வு ஸ்டோன்ஹெஞ்ச் அல்ல, ஏவ்பரி. இரண்டும் 1986இல் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டவைதான். ஆனால் ஏவ்பரியின் வெளிவட்டம் 330 மீட்டர் குறுக்களவு கொண்டது, உலகிலேயே பெரிய கல்வட்டம். உள்ளே ஒரு கிராமத்தின் பாதி இருக்கிறது: வீடுகள், சாலை, ஒரு மதுவிடுதி, மேயும் ஆடுகள். கற்களுக்கு இடையே நடக்கலாம், தொடலாம், கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். சுற்றியுள்ள அகழி பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. வெட்டிய காலத்தில் 9 மீட்டர் வரை ஆழம் இருந்தது. வெட்டியவை மான்கொம்புகள்.

அங்கே பல இடங்களில் கல்லுக்குப் பதில் சிறு கான்கிரீட் தூண்கள் நிற்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். காணாமல் போன கற்களின் இடத்தை அவை குறிக்கின்றன. 1930களில் இங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் கீலர் வைத்த அடையாளங்கள் அவை. மார்மலேட் வியாபாரக் குடும்பத்துச் செல்வத்தைக் கொட்டி நிலத்தை வாங்கியவர். இடைக்காலத்தில் கற்கள் பலவற்றைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வீடு கட்டவும் நிலத்தைக் காலியாக்கவும் உடைத்தார்கள். கல்லைக் குழிக்குள் சாய்த்து, அடியில் வைக்கோல் எரித்துச் சூடேற்றி, தண்ணீரை ஊற்றிச் சம்மட்டியால் அடிப்பது முறை. தொல்பொருள் ஆர்வலர் வில்லியம் ஸ்டூக்லி 1720களில் அதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1938இல் கீலர் தோண்டிய ஒரு கல்லின் பக்கத்தில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு கிடந்தது. கூடவே கத்தரிக்கோலும் 14ஆம் நூற்றாண்டு நாணயங்களும். அந்தக் கல்லுக்கு இன்று ‘நாவிதர் கல்’ என்றே பெயர்.

ஏவ்பரியைச் சுற்றிச் சுமார் 10 கிலோமீட்டர் வளையமாக நடக்கலாம். உணவு இடைவேளையோடு நான்கைந்து மணி நேரம் வையுங்கள். கிராமத்தின் தெற்கு வாயிலிலிருந்து இணைக்கற்கள் நிற்கும் வெஸ்ட் கென்னெட் நெடுவழியில் இறங்கி, ஏ4 சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் அங்கே வேகமாக வரும், பாதசாரிக் கோடு கிடையாது, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வயல் ஓரமாக மேடேறினால் வெஸ்ட் கென்னெட் நீள் புதைமேடு. கி.மு. 3650 வாக்கில் எழுப்பப்பட்டது, 100 மீட்டர் நீளம். உள்ளே போக முடிவது கிழக்கு முகப்பிலுள்ள ஐந்து அறைகளுக்கு மட்டும். குறைந்தது 36 பேரின் எலும்புகள் அவற்றில் கிடைத்தன. பூட்டு இல்லை, காவலர் இல்லை, விளக்கும் இல்லை. கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் நிற்கும்.

அங்கிருந்து பார்த்தால் எதிரே சில்பரி குன்று. மனிதர் குவித்த மேடு அது, கி.மு. 2400 வாக்கில் முடிந்தது. உள்ளே யாரையும் புதைத்ததற்குச் சான்று இல்லை. அதன் மேல் ஏறக் கூடாது. புதையல் ஆசையில் 1776இல் உச்சியிலிருந்து கிணறுபோல் வெட்டினார்கள். அந்தக் குழி சரியாக மூடப்படாமல் 2000ஆம் ஆண்டில் உச்சி உள்வாங்கியது. 2007இல் உள்ளே சாக் எனும் மென்மையான வெண்சுண்ணக்கல்லை நிரப்பி உறுதிப்படுத்த வேண்டியதாயிற்று. வேலியைத் தாண்டி ஏறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் காலடித் தடம் புல்லைக் கிழிக்கும், அடுத்த மழை அந்தத் தடத்தைப் பள்ளமாக்கும். சாலையோர நிறுத்தத்திலிருந்தே முழு வடிவமும் நன்றாகத் தெரியும்; ஏறினால் வடிவம் தெரியாது. சில்பரியிலிருந்து ஏவ்பரி திரும்பும் பாதை வின்டர்போர்ன் ஓடையை ஒட்டியது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடை, குளிர்காலக் கடைசியில் பெருகிப் பாதையை மூடிவிடுவதுண்டு. பிப்ரவரியில் போகிறவர்கள் வந்த வழியே திரும்பத் தயாராக இருக்க வேண்டும்.

இரயிலில் வருவோர் ஸ்விண்டனில் இறங்கினால், டிவைசிஸ் செல்லும் பேருந்து ஏவ்பரியில் நிற்கும். கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தப் பலகையில் சரிபாருங்கள். இங்கிலாந்துக் கிராமப் பேருந்துகள் மாலையில் சீக்கிரம் ஓய்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை பல தடங்களில் ஓடவே ஓடாது. டிவைசிஸ் வரை போக முடிந்தால் அங்குள்ள வில்ட்ஷயர் அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே புஷ் பேரோ புதைமேட்டில் 1808இல் எடுத்த தங்கத் தகடு அங்கே இருக்கிறது.

அடுத்தது வரைபடம். கைப்பேசி வழிகாட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தவறிப்போகிறார்கள். நாட்டுப்புறத்தில் ஓர் அஞ்சல் குறியீடு பல கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கக்கூடும். அதை நம்பினால் யாரோ ஒரு விவசாயியின் கொட்டகை முற்றத்தில் கொண்டுபோய் விடும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரிசை வரைபடத்தை வாங்குங்கள். 1:25,000 அளவு, அதாவது தாளில் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். ஏவ்பரிக்கு 157ஆம் தாள், ஸ்டோன்ஹெஞ்சுக்கு 130. தொல்சின்னங்களின் பெயர்களை அதில் பழைய கோதிக் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ரோமானியச் சின்னங்களுக்கு வேறு எழுத்து. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தப் பயண நூலிலும் இல்லாத புதைமேடுகள் தாள் முழுக்கக் கண்ணில் படத் தொடங்கும்.

ஆனால் வரைபடத்தில் ஒரு சின்னம் இருக்கிறது என்பதாலேயே அதைப் போய்ப் பார்க்கும் உரிமை வந்துவிடாது. பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருக்கின்றன. பச்சைப் புள்ளிக்கோடாகக் காட்டிய பொதுப்பாதை அதை ஒட்டிப் போக வேண்டும், அல்லது 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்துவிட்ட நிலமாக இருக்க வேண்டும். பிந்தையது மஞ்சள் சாயலில் அச்சாகியிருக்கும். தரையில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும்; நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதை விளைந்த பயிருக்கு நடுவே போனாலும் அதிலேயே வரிசையாக நடக்கலாம், அது உங்கள் உரிமை. ஓரமாகச் சுற்றிப் போவதாக நினைத்துப் புதுத் தடம் போடுவதுதான் தவறு. வாயிற்கதவுகளை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். வயல் வாயிலை அடைத்து வண்டியை நிறுத்தினால் டிராக்டர் வரும்போது கிடைக்கும் வரவேற்பு நன்றாக இருக்காது.

சில இடங்களில் நிலச் சொந்தக்காரர் சிறு தொகை கேட்பார். சாமர்செட்டில் உள்ள ஸ்டான்டன் ட்ரூ, டெர்பிஷயரில் உள்ள ஆர்பர் லோ இரண்டும் அப்படித்தான். வாசலில் ஓர் உண்டியல் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். சில்லறைக் காசு கொண்டுபோங்கள். எல்லாமே அட்டையில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. ஸ்டான்டன் ட்ரூவின் பெரிய வட்டம் 113 மீட்டர் குறுக்களவு, கூட்டமே இருக்காது. ஆர்பர் லோவில் கற்கள் எல்லாம் கடிகார எண்கள்போல் படுத்துக் கிடக்கின்றன.

எதிர்பார்ப்பு பிழையாகி ஏமாறுவது இரண்டு விதம். வுட்ஹெஞ்சில் நிற்பவை வெறும் கான்கிரீட் குட்டைத் தூண்கள். மரத்தூண்கள் மக்கிப்போய் மண்ணில் கறையாக மட்டும் எஞ்சின; 1925இல் விமானத்திலிருந்து எடுத்த படம்தான் அந்தக் குழி வட்டங்களைக் காட்டிக்கொடுத்தது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஆறு வளையங்களையும் எண்ணிப் பார்க்கலாம். தெரியாமல் போனால் பூங்காவில் கட்டி முடிக்காத வேலை என்று தோன்றும். அஃபிங்டன் வெள்ளைக்குதிரை இன்னொரு விதம். 110 மீட்டர் நீளம், சுமார் 3,000 ஆண்டு வயது. மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, இடித்த சாக் நிரப்பிய உருவம். பக்கத்தில் நின்றால் வளைந்த வெள்ளைப் பட்டைகள்தான் தெரியும். கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் ஓரளவு குதிரையாகும், முழுதாகத் தெரிவது வானத்திலிருந்துதான். பட்டைகளின் மேல் மிதிக்கக் கூடாது. ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் சுத்தியலால் புதுச் சாக்கை இடித்து நிரப்புவதால்தான் புல் அதை விழுங்காமல் இருக்கிறது. அங்கிருந்து ரிட்ஜ்வே பழம்பாதையில் மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வேலண்ட்ஸ் ஸ்மிதி புதைமேடு, மரங்களுக்கு நடுவே.

பார்க்கப் பழையதாகத் தெரிவதெல்லாம் பழையதுமல்ல. செர்ன் அபாஸ் மலைச்சரிவு மனித உருவம் வரலாற்றுக்கு முந்தையது என்று பலர் நம்பினார்கள். 2021இல் மண் காலக்கணிப்பு அதைக் கி.பி. 700க்கும் 1100க்கும் இடையே வைத்தது. வில்மிங்டன் நெடுமனிதன் என்ற மலைச்சரிவு உருவம் 16, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கார்ன்வால் பகுதியின் லான்யன் கோய்ட் உண்மையான கற்காலக் கல்திட்டைதான். ஆனால் 1815 புயலில் சரிந்து, 1824இல் நான்கு கால்களுக்குப் பதில் மூன்றில் குட்டையாக நிறுத்தப்பட்டது. இன்று தெரியும் தோற்றத்தை வைத்து அதைக் கட்டியவர்களின் திறமையை அளந்துவிடக் கூடாது.

வடக்கே போகிறவர்களுக்குக் காசில்ரிக். கெசிக் ஊரிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம், மலைகள் சூழ்ந்த கல்வட்டம், கட்டணமில்லை. தெற்கே டார்செட்டில் மெய்டன் காசில், பிரிட்டனின் மிகப் பெரிய மண்கோட்டைகளில் ஒன்று. 1934 முதல் 1937 வரை அங்கே அகழ்ந்த மார்டிமர் வீலர்தான் 1945இல் அரிக்கமேட்டிலும் அகழ்ந்தார் என்பது நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டலாம். ரோமானியர் தாக்குதலில் மாண்டவர்களின் இடுகாடு என்று அவர் அங்கே காட்டியதைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை.

எந்த நேரத்தில் போவது? மண்கரைகளும் புதைமேடுகளும் உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும்தான் ஒரு சாண் உயர மேடுகூட நிழல் போட்டு வெளிப்படும். பாறைகளில் செதுக்கிய குழிகளும் வட்டங்களும் அப்படியே. நார்தம்பர்லாந்தில் அவற்றைத் தேடுபவர்கள் மதியத்தில் போனால் வெறும் பாறையைத்தான் பார்ப்பார்கள். சுண்ணாம்புக் கட்டி கொண்டு கோடு தீட்டவோ, பாசியைத் துடைக்கவோ கூடாது. ஆகஸ்டில் பெரணியும் காஞ்சொறியும் மேடுகளை மூடிவிடும். மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் சிறந்தவை. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும்.

உடல் பாதுகாப்பில் மூன்றைச் சொன்னால் போதும். ஈரச் சாக் சோப்பைப்போல் வழுக்கும், அடித்தடம் ஆழமான காலணி வேண்டும். புல்லில் உண்ணிகள் உண்டு, லைம் நோயைப் பரப்புபவை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்போ எண்ணெயோ வைக்கக் கூடாது. அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்றாவது, கன்றோடு நிற்கும் பசுக்கள். நம் ஊர்ப் பசுவை நினைத்துத் தடவிக் கொடுக்கக் கிட்டே போகாதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் இடையே நடக்காமல் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். நாய் கையில் இருந்து மாடுகள் துரத்தினால் நாயை விட்டுவிடுங்கள். அவை குறிவைப்பது நாயைத்தான்.

வெஸ்ட் கென்னெட் அறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பக்தியாக இருக்கலாம், படத்துக்காகவும் இருக்கலாம். சுடரின் வெப்பத்தில் கல் வெடித்து உதிர்கிறது, புகைக்கரி ஏறிவிடுகிறது, மெழுகு துளைகளில் இறங்கி நிற்கிறது. அகல் விளக்கும் அதே வேலையைத்தான் செய்யும். விரிசல்களில் காசு செருகினால், துருவும் உலோகம் கல்லை மெல்லப் பிளக்கும். கற்களின் மேல் ஏறினால் நூற்றாண்டுகளாக வளர்ந்த கற்பாசி உரிந்து வரும். நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் இரண்டின் நிலத்திலும் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவதும், அங்கே அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாராவது தோண்டுவதையோ கீறுவதையோ கண்டால் நீங்களே போய் வாதாட வேண்டாம். அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தால் 999, முடிந்துபோன சேதம் என்றால் காவல்துறையின் 101 எண். இடத்தைச் சொல்ல வரைபடத்தின் கட்டக் குறியீடு உதவும்.

அடுத்த முறை இங்கிலாந்துப் பயணப் பக்கம் தயாரிக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று செய்திகளை மட்டும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: வரைபடத் தாளின் எண், அருகிலுள்ள இரயில் நிலையம், நிலத்துக்குள் நுழைய யாருடைய அனுமதி வேண்டும் என்பது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
வில்ட்ஷயர்